தங்கைக்குக் குறைந்த அரை சென்டிமீட்டர்

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் யாருக்கோ ஒருநாள் ஞானோதயம் உண்டாகி, மனித உடலைப் பற்றிய ஆச்சரியமான ஐம்பது தகவல்களைக் குழந்தைகள் மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்க வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். அதோடு பள்ளிக்கூடத்தின் கடமை முடிந்தது. 'தினமும் வீட்டில் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கவும்' என்று டைரியில் எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பொழிச்சலூரில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

காலையில் சாக்ஸின் இன்னொரு காலைத் தேடிக்கொண்டிருப்பேன். "அப்பா, உன் உடம்புல இருக்கற எலும்புல கால்வாசி உன் ரெண்டு பாதத்துலதான் இருக்கு" என்பாள். எட்டு ஐம்பது ரயிலைப் பிடிக்க அந்தத் தகவல் எந்த வகையில் உதவும் என்று தெரியாமல் தலையாட்டுவேன். என் மனைவி துடைப்பத்தைக் கையில் கொடுத்தால், "வீட்டுத் தூசில நம்ம தோல் உதிர்ந்ததும் இருக்கும்மா. நம்மளையே நாம பெருக்கித் தள்ளணுமா?" என்று கேட்டாள். ஐம்பதில் அவளுக்கு உடனடியாகப் பலன் தந்தது அது ஒன்றுதான். அன்றைக்கும் என் மனைவிதான் பெருக்கினாள்.

வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்தார். மோட்டாரை அதிக நேரம் ஓட விடுகிறோம் என்று புகார் சொல்ல வந்தவர். அவரிடம் இவள், "அங்கிள், நீங்க பொறக்கும்போது உங்களுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு எலும்பு இருந்துச்சு. இப்ப இருநூத்தாறுதான் இருக்கு" என்றாள். தன்னுடையது எதுவும் பிறத்தியார் கைக்குப் போய்விடக் கூடாது என்பதில் மனிதர் ரொம்பக் கண்டிப்பு. ஒரு கணம் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். எலும்புகள் காணாமல் போகவில்லை, வளரும்போது ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன என்று நான் விளக்கிய பிறகுதான் மோட்டாருக்கு வந்தார்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் என் தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். மறைமலை நகரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க அளப்பாள். கையளவு இரும்புத் துண்டு ஒவ்வொன்றாக வரும். அளவு கருவியில் வைத்துப் பார்ப்பாள். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. நான் ஆணியடித்து மாட்டிய காலண்டர் மூன்று மில்லிமீட்டர் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. முதலில் அப்பா அம்மா சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு சிரிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. மற்ற பொறுப்புகளை எப்படியோ, இதை நான் குறைவில்லாமல் செய்தேன். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் படித்தாள். விடியற்காலையில் தாம்பரத்தில் ஒரு மைதானத்துக்குப் போய், பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு மாஸ்டரிடம் ஓடப் பழகினாள். போன வருடம் எழுத்துத் தேர்வில் தேறி உடற்தகுதித் தேர்வுக்கும் போனாள். அங்கே கேட்ட உயரம் நூற்றைம்பத்தொன்பது சென்டிமீட்டர். இவளுக்கு நூற்றைம்பத்தெட்டரை.

அரை சென்டிமீட்டர். ஒரு துவரம்பருப்பின் அகலம். ஓடச் சொல்லி, தாண்டச் சொல்லி, எறியச் சொல்லித் தோற்றிருந்தாலும் மனசு ஆறும். நிற்கச் சொன்னார்கள், நின்றாள், தோற்றாள்.

ஊரே ஆறுதல் சொன்னது. எதிர் வீட்டு அக்கா முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினாள். இருபத்தைந்து வயதுப் பெண் கீரை தின்று வளர்ந்துவிடுவாள் என்ற நம்பிக்கை அவளுக்கு. என் அலுவலக நண்பர் ஒருவர், கொண்டையை உச்சியில் போட்டால் தெரியாது என்றார். அளக்கிறவர்களுக்குக் கண் இருக்காது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தங்கை மட்டும் கலங்கவில்லை. "நான் ஒரு நாளைக்கு எத்தனை பீஸை ரிஜெக்ட் பண்றேன்? அதுல ஒண்ணாவது அழுதிருக்காண்ணா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன்மார்களுக்கு இப்படிச் சட்டென்று நிம்மதியடைகிற ஒரு உறுப்பு உண்டு. அது ஏன் அந்த ஐம்பதில் சேரவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்த வருடம் மறுபடி எழுதினாள், மறுபடி தேறினாள். வயது வரம்பு அவளைத் தொட்டுக்கொண்டு நின்றது. இதை விட்டால் இனி விண்ணப்பமே போட முடியாது. உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், என் மகள் முப்பத்தேழாவது தகவலை ஒப்பித்தாள்.

"நாம் மாலையில் இருப்பதைவிடக் காலையில் சற்று உயரமாக இருக்கிறோம். நம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. நாம் படுத்திருக்கும்போது அவை நீரை உறிஞ்சி உப்புகின்றன. நிற்கும்போதும் உட்காரும்போதும் எடை தூக்கும்போதும் அவை அமுங்குகின்றன. இதனால் ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர் வரை நம் உயரம் குறையலாம்."

என் மனைவி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, கேட்டீங்களா? ஒரு சென்டிமீட்டராம்!" என்றாள். தங்கை தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. சட்னியைத் தொட்டு இட்லியை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவம், நம்பிக்கை விட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் மட்டும் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். 'எடை தூக்கும்போதும்' என்ற இரண்டு வார்த்தைதான் காரணம்.

போன வருடம் அந்தத் தேர்வு நடந்தது கோடையில். போர்வெல் வற்றி, தெருமுனைத் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம். வந்தால் வரும், வராவிட்டால் மூன்று நாளைக்கு வராது. மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் தங்கையும்தான். தேர்வு நாள் விடியற்காலையில் பார்த்து லாரி வந்தது. நான் எழுந்தபோது பன்னிரண்டு குடமும் நிரம்பிச் சமையலறையில் வரிசையாக இருந்தன. இரண்டு மாடி ஏற்றியிருந்தாள். குளித்து, டிராக் பேண்ட் போட்டுக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள். "என்னை எழுப்பியிருக்கலாமேம்மா" என்றேன். அப்படிச் சொல்வதில் தனிச் சுகம் உண்டு. வேலை முடிந்த பிறகுதான் அது வாயில் வரும். "பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு குடம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று ஆறு நடை. அந்த அரை சென்டிமீட்டரை அவளுடைய முதுகிலிருந்து பிழிந்து குடத்தில் ஊற்றி வைத்திருந்தாள். அந்தத் தண்ணீரில்தான் நான் அன்றைக்குக் குளித்தேன், ஷேவ் செய்தேன், இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம் வந்தது: இது தங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாது. தண்ணீர் தூக்கியதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்தால், ஏன் அவள் தூக்க வேண்டியிருந்தது என்றும் யோசிப்பாள். அளக்கிறவள், கணக்கு உடனே வந்துவிடும்.

மகளைத் தனியே அழைத்து, இனிமேல் அந்த 'எடை தூக்கும்போதும்' என்பதை அத்தை முன்னால் சொல்ல வேண்டாம் என்றேன். "ஒரு வார்த்தை விட்டாலும் மார்க் போயிடும்ப்பா" என்றாள். உண்மைக்கு இவ்வளவு விசுவாசமான பிள்ளையை யார் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள்? ஒரு கோன் ஐஸ்கிரீமில் பேரம் முடிந்தது. விசுவாசத்தின் அளவும் தெரிந்தது.

அன்றே வீட்டில் ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. படுக்கையறைக் கதவு நிலையில் தங்கையை ஒட்டி நிற்க வைத்து, தலையில் அவளுடைய இரும்பு மூலைமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். காலையில் எழுந்ததும் ஒரு கோடு, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. மகள் குதித்தாள். எழுந்து ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது என்பதும் மறுநாள் தெரிந்தது. ஆக, வழி ஒன்றுதான். எழுந்திருக்கவே கூடாது. படுத்தபடியே போய், படுத்தபடியே காத்திருந்து, அளக்கும்போது மட்டும் நிற்க வேண்டும்.

போலீஸ் வேலைக்குப் போகிறவளைச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று முடிவானது. மைதானமோ மறைமலை நகரையும் தாண்டி இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவ்வளவு தூரம் ஒரு ஆளைப் படுக்க வைத்து எதில் கொண்டுபோவது? கால் டாக்சியில் கால் நீட்ட முடியாது. ஆம்புலன்ஸ் கேட்டால் என்ன என்றாள் என் மனைவி. அளவுக்கு மீறிய அன்பு சில சமயம் இப்படித்தான் பேசும்.

கடைசியில் வழிகாட்டியவர் கீழ்வீட்டு பாய். பம்மலில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். பெரும்பாக்கம் வரைக்கும் மெத்தை டெலிவரி செய்ய அவரிடம் ஒரு குட்டியானை உண்டு. அந்தச் சின்ன சரக்கு வண்டியை அவரேதான் ஓட்டுவார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"இன்னா சார், இதுக்குப் போயி யோசிச்சுகினு கீறீங்க? மெத்தையும் அப்டித்தான். பகல்லாம் குந்திக்கினா அமுங்கிப் பூடும். ராவுல சும்மா வுட்டா காலைல எழும்பிக்கும். நம்ம வண்டில டபுள் மெத்தை போட்டு தங்கச்சிய அலுங்காம இட்டுகினு போயிடலாம்."

நாள் வந்தது. மகள் தளபதி. அத்தை முந்தின நாள் சாயங்காலமே குளித்துவிட வேண்டும், காலையில் பாத்ரூமுக்கு நான்கு நிமிடம், பல் துலக்குவது படுத்தபடி, வாய் கொப்பளிக்க மட்டும் தலையைச் சாய்க்கலாம். கையில் என் கைப்பேசியில் டைமர் ஓடியது. "நாலு நிமிஷம் முடிஞ்சுது அத்தை!" என்று பாத்ரூம் கதவைத் தட்டினாள். இரண்டு மாடி இறங்கத்தான் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நிமிடம் கணக்கு. வண்டியில் இரண்டு மெத்தை போட்டு, புது உறை மாற்றி வைத்திருந்தார் பாய். தங்கை ஏறிப் படுத்தாள். பனி இறங்கியதால் என் மனைவி ஒரு வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை போர்த்திவிட்டாள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். நான் முன்னால் பாய்க்குப் பக்கத்தில். பாய் வழக்கம்போல பிஸ்மில்லா சொல்லி, டேஷ்போர்டில் ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று பல்லாவரம் தாண்டியதுமே எனக்குப் பட்டது. டீக்கடை வாசலில் நின்றிருந்தவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். திறந்த வண்டி, வெள்ளைப் போர்வை, மல்லாந்து கண்மூடிக் கிடக்கிற பெண், தலைமாட்டில் புத்தகம் வைத்து முணுமுணுக்கிற குழந்தை, ஊதுபத்திப் புகை. மாலை ஒன்றுதான் பாக்கி. அதையும் பெருங்களத்தூர் சிக்னலில் பூக்கடைக்காரர் ஒருவர் தீர்த்துவைத்தார். ஒரு கை உதிரிப் பூவை எடுத்து உள்ளே வீசினார்.

அதே சிக்னலில்தான் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். போலீஸில் சேரப் போகிறவள் அதை மீறித்தான் போக வேண்டியிருந்தது. அவர் பின்பக்கம் வந்தார், பார்த்தார், சட்டென்று தொப்பியைக் கழற்றினார்.

"சின்ன வயசு மாதிரி கீதே. இன்னா ஆச்சு?" என்று பாயிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"போலீஸ் செலக்ஷன் சார்" என்றார் பாய்.

காவலர் முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சியில் ஓடி விழுந்து போய்விட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அப்போது தங்கை கண்ணைத் திறந்து, தலையை அசைக்காமல், "சார், டைம் என்ன ஆகுது?" என்றாள்.

மனிதர் இரண்டடி பின்னால் துள்ளினார். மகள் தன் கடமையைச் செய்தாள்: முப்பத்தேழாவது தகவலை முழுசாக, எடை உட்பட, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஐஸ்கிரீம் போனது போனதுதான். காவலர் கேட்டு முடித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். வியாபாரம் பேசுகிற குரலுக்கு வந்துவிட்டார்.

"எவ்ளோ ஷார்ட்டு?"

"அரை சென்டிமீட்டர் சார்."

"கரெக்டுதாம்மா. நாங்கல்லாம் செலக்ஷனுக்கு முன்னாடி கம்பில தொங்கிகினே கெடந்தோம். காலைல வெயிட்டு கியிட்டு எதுவும் தூக்கலியே?"

"இந்த வருஷம் தூக்கல சார்" என்றாள் தங்கை.

"போ. பாய், வண்டலூராண்ட பள்ளம் கீது, பாத்து ஓட்டு" என்று வழிவிட்டார்.

'இந்த வருஷம்' என்பது என் காதில் தெளிவாகவே விழுந்தது. அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்க முடியுமா என்று கூடுவாஞ்சேரி வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. பாய் என்னைப் பார்த்து, "இன்னா சார், வேர்க்குது?" என்றார். பனி என்று சொன்னேன்.

மைதானத்து வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். தங்கை இறங்கி உள்ளே போனாள். கம்பிக் கதவு வழியாக நானும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றுக்கணக்கான பெண்களை வரிசை வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். தங்கையும் போய் உட்கார்ந்தாள்.

"உக்காரக் கூடாதுப்பா! நிக்கறதைவிட உக்காந்தா இன்னும் அமுங்கும்!" என்று பதறினாள் மகள். நான் தடுப்பதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அத்தை! உக்காராத! படு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. தங்கை ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்தச் செம்மண்ணில், அத்தனை பேர் நடுவில், காலை நீட்டி மல்லாந்து படுத்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண் அதிகாரி கையில் தடியோடு விறுவிறுவென்று அவளிடம் போனார். என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அதிகாரி சத்தமாகச் சொன்ன பதில் மட்டும் வாசல் வரை வந்தது.

"படுத்தா படுத்துக்கோ. அளக்கும்போது நின்னா போதும்."

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாகப் படுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. பத்து நிமிடத்தில் பார்த்தால், மைதானத்தில் அங்கங்கே இருபது முப்பது பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அரை சென்டிமீட்டருக்கும் கால் சென்டிமீட்டருக்கும் பயந்தவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். மகள் அவர்களை எண்ணிக்கொண்டு நின்றாள்.

தங்கை வெளியே வரும்போது உச்சி வெயில். உயரம் முடிந்து, ஓட்டமும் முடிந்து, முகமெல்லாம் மண்ணும் வியர்வையுமாக வந்தாள். ஓட்டத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இருந்ததில்லை. "நூத்தம்பத்தொம்பது புள்ளி ரெண்டு" என்றாள். பாய் இரண்டு கையையும் மேலே தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். மகளுக்கு மட்டும் திருப்தியில்லை. "ஏழு மில்லிமீட்டர்தானா? ஒரு சென்டிமீட்டர்னு போட்டிருக்கே" என்று புத்தகத்தைப் புரட்டினாள்.

வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் டீ குடித்தோம். பாய் மகளுக்குப் பிஸ்கட் வாங்கிக்கொடுக்கப் போயிருந்தார். இரண்டு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். ஜெயித்த பிறகு மன்னிப்புக் கேட்பது சுலபம். அதற்காகத்தான் அதுவரை காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

"போன வருஷம் அந்த அரை சென்டிமீட்டர்... அந்தத் தண்ணிக் குடத்தாலதான் போயிருக்கும்மா. உனக்குத் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"தெரியும்ணா" என்றாள் தங்கை, டீயை ஊதிக்கொண்டே. "மாஸ்டர் அப்பவே சொல்லியிருந்தாரு. செலக்ஷன் அன்னிக்குக் காலையில ஒரு சொம்புகூட தூக்காதன்னு."

"தெரிஞ்சுமா தூக்கின?"

"லாரி வந்துடுச்சே."

"என்னை எழுப்பியிருக்கலாமே!" என்றேன். போன வருடம் சொன்ன அதே வாக்கியம். அப்படியே வாயில் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தொழிற்சாலையில் ஒரு துண்டைக் கருவியில் வைத்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எழுப்பினேண்ணா. ரெண்டு வாட்டி. மொத வாட்டி 'அஞ்சு நிமிஷம்'னு சொன்ன. ரெண்டாவது வாட்டி 'நீ போயிட்டே இரு, வரேன்'னு சொன்ன."

எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததால் நடக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். என் குரல்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லி?" என்றாள். "நாங்க ஒதுக்கித் தள்ற பீஸுல பாதிக்குப் பீஸ் மேல தப்பே இருக்காதுண்ணா. மிஷின்ல செட்டிங் தப்பா இருக்கும். நாங்க பீஸ் மேலதான் ஸ்டிக்கர் ஒட்டுவோம். மிஷின் மேல யாரும் ஒட்டறதில்ல." டீயை முடித்து, டம்ளரைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்தாள்.

திரும்பும்போது அவள் படுக்க வேண்டிய தேவை இல்லை. பாய்க்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள், மகளை மடியில் வைத்துக்கொண்டு. முன்னால் வேறு இடமில்லை. நான் பின்னால் ஏறினேன். வெயில் தாங்கவில்லை, மெத்தையில் படுத்து அந்த வெள்ளைப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். காலையில் வீசிய பூ முதுகுக்கு அடியில் நசுங்கியது. முன்னால் மகள் முப்பத்தெட்டாவது தகவலை ஆரம்பித்திருந்தாள். தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது.

பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றது. போர்வை ஓரத்தால் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் எங்கள் வண்டியைப் பார்த்துக் கைகூப்பினார். எழுந்து உட்கார்ந்து, நான் செத்துப் போகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட இதுவே கொஞ்சம் மரியாதையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.